எழுபது

மெழுகுக் கட்டிக்குள் அரிசி அளவு அடிநாக்கு.
மூன்று மைக்ரானில் சீவி
வெந்நீரில் மிதக்கவிட்டு
ஸ்லைடில் ஏந்துகிறேன்.
வெளியே ராயபுரம் பாலத்தில் இறங்கும் டிரெய்லர்,
மேசை அதிர்கிறது.

பெயர் தேசப்பன். காசிமேட்டில்
விடியுமுன் வஞ்சிரம் ஏலம் விட்டவர்.
படிவத்தை நீட்டும்போது
நா புரளாமல் கேட்டார்:
"இன்னாம்மா, நான் எவ்ளோக்குப் போவேன்?"
சிரித்தது அவர் மட்டும்தான்.
மனைவி பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.

சாயம் ஏறக் காத்திருக்கிறேன்.
இந்தப் புரதத்துக்குப் பழுப்பு நல்ல செய்தி,
மருந்துக்குப் படிகிற கட்டி என்று பொருள்.
பக்கத்து ஸ்லைடில் அதே பழுப்பு
கெட்ட செய்தி.
இதை எந்த மொழியில் அவருக்குச் சொல்ல?
எழுபதைத் தொட்டால்தான் கணக்கு;
ஒன்று குறைந்தாலும்
அறிக்கையில் வேறு சொல்.

டாக்டர் கமலவேணி குனிந்து எண்ணுகிறார்.
நாற்பது.
ஐம்பத்தைந்து.
அறுபது, அறுபத்தைந்து...
குரலில் அவரறியாமல் ஒரு ராகம் ஏறுகிறது.
அறுபத்தெட்டு.

நிறுத்துகிறார்.
கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்கிறார்.
குளிர்பெட்டி மட்டும் உறுமுகிறது.

"இன்னொரு வட்டம் பாக்கலாம்," என்று
ஸ்லைடை நகர்த்துகிறார்.
நான் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.