கோடு போட முடியாத கட்டம்

சோஹாரில் நாங்கள்
அலுமினியச் சட்டங்களை மூன்று தொட்டியில் அலசி
நிறம் பூசிக் கப்பலேற்றுகிறோம்.
எந்த ஊர் ஜன்னலாகுமோ, தெரியாது.

வாங்குபவரின் படிவத்தில்
'தண்ணீர்' என்றொரு கட்டம் உண்டு.
போன தை வரை அதில் ஒரு கோடு போடுவேன்.
தெரியாது, கேட்காதீர்கள் என்று அர்த்தம்.
மூன்று வருடம் அந்தக் கோடு
சுங்கம் கடந்து, கடல் கடந்து போனது.

பிறகு படிவம் திரைக்குள் குடியேறியது.
திரைக்குக் கோடு பிடிக்கவில்லை.
சிவந்தது.
மறுபடி போட்டேன், மறுபடி சிவந்தது.
ஒரே ஒரு எண்ணுக்காகத் துறைமுகத்தில்
பன்னிரண்டு கன்டெய்னர்
வெயிலில் நின்றன.

மீட்டர் வேண்டும் என்று
நாலு கடிதம் எழுதி ஓய்ந்தவர் ஃபிட்டர் அருமைநாயகம்.
இப்போது விமானத்தில் வந்திறங்கியது,
ஒன்றல்ல, ஆறு.
அவர் சிரிக்கவில்லை. ஸ்பானரோடு போனார்.

முதல் இரவே மீட்டர் கோள் சொன்னது:
லைன் நின்று, விளக்கணைந்து,
மணி இரண்டாகியும் நீர் ஓடுகிறது.
கடலிடம் உப்பைப் பிடுங்கிக்கொண்டு
காசு கொடுத்து வாங்கிய நீர்.
பதர் அல்-மக்பாலி டார்ச்சோடு படுத்துத் தேடி
தேய்ந்த வால்வு ஒன்றைப் பிடித்தான்.
எண் இறங்கியது. போதவில்லை.
திரை இன்னும் மஞ்சள்.

"மூணாவது தொட்டித் தண்ணி தெளிவாத்தானே இருக்கு,
அதை ஏன் முதல் தொட்டிக்கு விடக்கூடாது?"
அருமைநாயகம்தான் கேட்டார்.
"கேம்ப்ல நாங்க எட்டுப் பேர்.
டேங்கர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
ஒரு பானை அரிசி களைஞ்ச கடைசித் தண்ணியிலதான்
அடுத்த பானைக்கு முதல் களைசல்."

ஒரு பம்ப், இருபது மீட்டர் குழாய்.
பாதிக்கும் கீழே விழுந்தது எண்.
பச்சை.
கன்டெய்னர்கள் அசைந்தன.

அடுத்த மாதம் திரையில் புதுக் கட்டம்:
'சுற்றுச்சூழல் புத்தாக்கம்: மூலம்?'
கீழே விழும் பட்டியலில் மூன்றே பதில்கள்:
ஆய்வகம், ஆலோசகர், இயந்திர விற்பனையாளர்.
கோடு போடலாமா என்று பார்த்தேன்.
சிவந்தது.
ஆலோசகர் என்று அழுத்தினேன்.
விரல் கொஞ்சம் கூசியது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்
வேறொன்று கேட்டார்:
"எங்க கேம்ப் தண்ணிக்கு எந்தக் கட்டம், மேடம்?"

மேலே உருட்டினேன், கீழே உருட்டினேன்.
நாலாவது பக்கத்தில் இருந்தபோது
அவருடைய பஸ்
ஹாரன் அடித்தது.