மாதிரி

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்தது.
டேங்கர் வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாக
நகர்ந்தன, நகர்வதாகத் தெரியாமல்.
என் ஸ்கூட்டியின் முன்பக்கம், பிளாஸ்டிக் பையில்
நாற்பத்தொரு டப்பாக்கள்.
மூடிமேல் எண்.
பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து
இன்னா மேடம், ஸ்வீட்டா என்றார்.
தலையை எப்படியும் அர்த்தமாகும்படி ஆட்டினேன்.

ஆய்வகம் என்பது
சுகாதார நிலைய மாடியில் பழைய தடுப்பூசி அறை.
ஜன்னலைத் திறந்தால் கால்வாய் நாறும்
மூடினால் டப்பாக்கள்.
திறந்தே வைத்திருப்பேன்.

கடுகளவு எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து
பச்சைச் சாயத்தில் ஊறிய தாளால் மூடி
அரை மணி காத்திருக்க வேண்டும்.
அதற்குள் டீ வந்துவிடும். குடிப்பேன்.
பழகிவிட்டது.
பிறகு வட்டத்துக்குள் குனிந்து எண்ணுவேன்.
உருண்டைப்புழுவின் முட்டை பொன்னிறம்,
பலாத்தோல் போலக் கரடு.
சாட்டைப்புழுவினுடையது வழவழப்பு.

கீழே இன்னொரு எண்ணிக்கை நடந்தது.
பல்கலைக்கழகத்துப் பெண் எண்களைச் சொல்வாள்,
பிள்ளைகள் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும்.
ஏழு, இரண்டு, ஒன்பது.

மாதிரி எண் நூற்று நாற்பத்தேழு.
ஸ்டெபினா. நாலாம் வகுப்பு.
ரத்தம் எட்டுப் புள்ளி ஒன்று.
அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கிறாள்.
ஒன்பது, என்றாள் ஸ்டெபினா.
பிறகு கதவைப் பார்த்தாள்.
கதவில் ஒன்றும் இல்லை.
அது எப்பவும் அப்படித்தான் மேடம், தூங்குமூஞ்சி
என்றார் டீச்சர்.
கெட்டவர் இல்லை அவர்.
மூன்று வகுப்புக்கு அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் படியேறி வந்து நின்றாள்.
என் டப்பா எங்க?
அது திரும்பி வராது என்றேன்.
அழுவாளோ என்று பயந்து
ஸ்டூல்மேல் ஏற்றி, கண்ணை வைக்கச் சொன்னேன்.
வெகுநேரம் மூச்சே விடவில்லை.

பேரல் மாதிரி கீது.
ரெண்டு பக்கமும் மூடி போட்ட பேரல்.
எங்க வூட்டாண்ட யார்டுல அடுக்கி வெச்சிருப்பாங்களே.

அந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய
எனக்கு டிப்ளமோவில் ஒரு பருவம் ஆனது.

உள்ள இன்னா கீது?
உன் இரண்டும் ஏழும் என்று வாய்வரை வந்தது.
புழு, என்றேன்.

மாத்திரை கொடுத்தார்கள்.
சாக்பீஸ் மாதிரி இருக்கு என்று மென்றாள்.

ஒரு வருஷத்தில் அறிக்கை வந்தது, வழவழ அட்டையோடு.
மாத்திரை தின்றவர்களுக்கும் தின்னாதவர்களுக்கும்
சராசரியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.
நன்றியுரையில் என் பெயர், எழுத்துப் பிழையோடு.
தப்பு சொல்ல முடியாது,
அவர்கள் சரியாகத்தான் கூட்டியிருந்தார்கள்.
மாத்திரை வருஷத்துக்கு இரண்டு முறை.
தண்ணி லாரி ஒன்றுவிட்ட ஒருநாள்.
லாரியின் ஓஸ்
கால்வாய்க் கரைச் சேற்றில் படுத்திருந்து
எழுந்து
குடத்துக்குள் தலையை விடும்.
அதை எந்தப் பக்கத்தில் கூட்டுவது?

இரண்டாம் சுற்றில் அவள்
ஒன்பது, இரண்டு, வரை வந்தாள்.
மூன்றில் இரண்டுக்கு மதிப்பெண் கிடையாது, விதி.
பல்கலைக்கழகத்துப் பெண் சுழியம் போட்டாள்,
போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

படியேறி வந்தாள் அன்றும்.
பேரல் இப்ப எத்தினி?
பத்தொன்பது.
முன்ன?
நூற்றிரண்டு.

ஜன்னலுக்கு வெளியே சரக்கு ரயில் கடந்தது.
அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.
விரல்கள் பாவாடை மடிப்புக்குள்.
கடைசி வேகனும் போய்
கேட் திறக்கும் மணி அடித்தபின் சொன்னாள்
எண்பத்தி நாலு கொறஞ்சிகீது.

திருத்தவில்லை.
அவள் போனபின் ஸ்லைடை எடுத்து
மறுபடி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்,
நான்தான் ஒன்றைக்
கூடுதலாக எண்ணிவிட்டேனோ என்று.