விரிப்புகள் வெளியே உறங்கும் மாதம்

நவம்பர் வந்தால்
எங்கள் படுக்கை விரிப்புகள் தோட்டத்துக்குப் போய்விடும்.
நாங்கள் மெத்தையின் வெறும் முதுகில் படுப்போம்.

ஓக்கா என்றொரு கிழங்கு.
பெரு நாட்டு மலைக்காரி.
பிரெத்தாஞ் கரையின் ஈரம் அவளுக்கு ஒத்துக்கொண்டது என்கிறார் கூல்வென்.
ஆனால் பகல் சுருங்கி இரவு நீண்டால்தான்
மண்ணுக்கடியில் பிள்ளைபெறத் தொடங்குவாளாம்.
அதற்குள் உறைபனி வந்து இலையைக் கருக்கிவிடும்.
இரண்டுக்கும் நடுவில் நிற்பவை
எங்கள் விரிப்புகள்.
ஒன்றில் யானைகள்,
டிட்டுவான் தொட்டிலில் கிடந்த காலத்தவை.

பக்கத்து வயல் கெர்பிரா
முப்பது ஏக்கரிலும் பூக்கோசு தவிர வேறொன்றும் அறியாதவர்.
டிராக்டரை நிறுத்திக் கேட்பார்:
"உங்கள் கீரைக்கு என்ன, காய்ச்சலா?"

நான் தபால் அலுவலகத்தில் இருக்கிறேன்.
எந்த உறையில் கடிதம், எந்த உறையில் விதை என்று
குலுக்காமலே சொல்வேன்.
பாதி எங்கள் வீட்டுக்கு வருபவை.
எங்கள் கேரட் வெள்ளை. தக்காளி கறுப்பு.
பீட்ரூட்டுக்கு மரப்பட்டைத் தோல்;
அதைச் சீவி என் இரண்டு கத்திகள் மழுங்கின.

நூடுல்ஸ் தவிர எதையும் தொடாத டிட்டுவான்
கோடையில் ஒருநாள்
கொடியிலிருந்து எதையோ பறித்து வாயில் போட்டான்.
கட்டைவிரல் நுனியளவு.
மேலே தர்ப்பூசணி வரி, உள்ளே வெள்ளரி,
கடைசியில் ஒரு சொட்டுப் புளிப்பு.
எலித்தர்ப்பூசணி.
மறுநாள் கால்சட்டைப்பை புடைக்கப் பள்ளிக்குப் போனான்.
மூன்று தந்தால் ஒரு கோலி.
"உங்கள் மகன் வகுப்பில் கடை வைத்திருக்கிறான்"
என்று ஆசிரியை எழுதி அனுப்பியதைக்
குளிர்பெட்டிக் கதவில்
பட்டயம்போல ஒட்டிவைத்தார் கூல்வென்.

போன வருடத்துப் பூசணியில் எடுத்துவைத்த விதைதான்
எங்களைக் கவிழ்த்தது.
எந்தத் தோட்டத்து அலங்காரச் சுரையிலிருந்து
எந்த வண்டு மகரந்தம் சுமந்து வந்ததோ,
காய்த்தது ஒரு பேரழகி.
பச்சையில் மஞ்சள் தீற்றல், அன்னக் கழுத்து.
மாய்வென் அவளுக்குச் சீமாட்டி என்று பெயரிட்டாள்.
சூப் வைத்தேன்.
முதல் கரண்டியில்
நால்வரும் ஒரே தொட்டிக்கு ஓடினோம்.
ரொட்டி தின்றும் பால் குடித்தும்
நாக்கைவிட்டு இறங்கவில்லை அந்தக் கசப்பு.
"நஞ்சு அது, பானையோடு கொட்டு" என்றவர்
அதற்குப் பிறகு பேசவில்லை.
விடிந்ததும் சீமாட்டியையும் தங்கைகள் பதினொருத்தியையும்
ஆழக் குழிதோண்டிப் புதைத்தார்.
இப்போதெல்லாம் பூ மலருமுன்னே
துணிக்கவ்வியால் அதன் வாயைப் பூட்டுகிறார்.
விடியலில் தூரிகையோடு போய்
மாப்பிள்ளையை அவரே அழைத்துவருகிறார்.
என் துவைத்த துணிகள்
கவ்வி இல்லாமல் காற்றில் வேலி தாண்டுகின்றன.

டிசம்பர் ஐந்தாம் நாள் விரிப்புகள் தோற்றன.
காலையில் இலையெல்லாம் வெந்த கீரை.
நான் மண்வெட்டியை எடுத்தேன்.
"இரு" என்றார்.
"சாகிற தண்டு
கையிலிருப்பதைக் கீழே அனுப்பிவிட்டுத்தான் சாகும்.
இரண்டு வாரம் கொடு."

கொடுத்தோம்.
அரை வாளி கிடைத்தது.
இளஞ்சிவப்பு, மடிப்பு மடிப்பாய்.
"கால்விரல்! நான் தின்னமாட்டேன்" என்று
மேசைக்கடியில் ஒளிந்தான் டிட்டுவான்.
பெரியவை விதைக்கு, சிறியவை சட்டிக்கு.
ஒரு குடும்பத்துக்கு ஆளுக்கு ஆறு,
அதற்காக ஏழு மாதம்.
இந்தக் கணக்கை நான் உரக்கச் சொல்லவில்லை.
உப்பு வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கினேன்.
வாசலில் நின்றபடியே ஒன்றை வாயில் போட்ட கெர்பிரா
"புளிக்கிறது" என்று முகம் சுளித்தார்.
பிறகு டிட்டுவானின் பங்கையும் தின்றார்.

விரிப்புகளை மூன்றுமுறை வெளுத்தேன்.
யானைகள் முழங்கால்வரை சேற்றில்தான் நிற்கின்றன.
இன்றிரவு
கட்டிலின் கால்மாட்டில் ஏதோ உறுத்தி விளக்கைப் போட்டேன்.
காய்ந்து சுருண்ட ஓர் இலை, மூன்று மடல்.
கூல்வென் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.
எடுத்து எங்கே போடுவதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருக்கிறேன்.