ஏழு மணிப் பக்கம்

பள்ளிக்கூடத்தின் நிலவறை.
தலைக்கு மேலே பையன்களின் கூடைப்பந்து
தொம் தொம்மென்று.
குல்டீகாவில் நவம்பர் வந்துவிட்டால்
நாலரை மணிக்கே ராத்திரி.
தோளிலிருந்து தபால் பையை இறக்கி மூலையில் வைக்கிறேன்,
பெட்டியைத் திறந்து
காற்றுத் துப்பாக்கியை எடுக்கிறேன்.

பத்து மீட்டர் தூரம்.
நடு வளையம் ஒரு சட்டைப் பொத்தான்.
விசைக்கு வேண்டிய அழுத்தம் ஐந்நூறு கிராம்.
எனக்குப் பழகிய எடைதான்.
அயர்லாந்துக்கு அனுப்பும் கம்பளிக் காலுறைப் பார்சல்
அவ்வளவுதான் இருக்கும்.

மூன்று வாரமாக எல்லாக் குண்டும்
இடது கீழே, ஏழு மணிப் பக்கம்.
அட்டையை விளக்கில் பிடித்து எண்ணும் ரைடிஸ்
பஸ் டிப்போ கிரீஸ் போகாத விரலால் காட்டினான்:
"வெல்கா, உன் கடிகாரம் நின்றுபோச்சு."

முதல் சந்தேகம் பிடியின் மேல்.
வால்நட் கட்டை.
கட்டைவிரல் உட்காரும் இடத்தை அரம் வைத்து ராவினேன்,
உள்ளங்கைப் பள்ளத்துக்கு மக்கு அப்பினேன்,
காயும்வரை சமையலறையில்
யாருக்கோ கை கொடுப்பதுபோல நின்றேன்.
ஏழு மணி.

அடுத்தது கால்கள்.
கண்ணை மூடி, கையைத் தூக்கி,
மூச்சு அடங்கியபின் கண்ணைத் திறந்தால்
முனை பார்ப்பது பக்கத்து ஆளின் அட்டையை!
உடம்புக்கென்று ஒரு திசை இருக்கிறது.
கையால் இழுத்துத் திருத்தினால்
விசை தட்டும் கணத்தில் அது தன் வீட்டுக்குத் திரும்பிவிடும்.
குதிகாலை நாலு விரல்கடை நகர்த்தினேன்.
பத்தொன்பது வருஷம் பை சுமந்து இறங்கிய வலத் தோளை
இறங்கியபடியே இருக்கவிட்டேன்.
முனை நேரானது.
குண்டு மட்டும் ஏழு மணிக்கே போனது.

இறுக்கினால் நடுங்கும், தளர்த்தினால் நழுவும்,
இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி இருக்கிறது,
அதை நான் பிடித்துத்தான் இருந்தேன்.
விசையைத் தொடும்வரை.

நேற்று பத்தாவது குண்டு முடிந்து
கோட்டுப் பையிலிருந்து இடது கையை எடுத்தேன்.
இந்த விளையாட்டில் அதற்கு வேலை கிடையாது,
பைக்குள் சும்மா கிடக்க வேண்டிய கை.
உள்ளங்கையில் சிவப்பாக
ஒரு சாவியின் பற்கள்.

வலது ஆள்காட்டி விரல் மெல்ல வளையும்போதெல்லாம்
இடது கை அங்கே சாவியை நெரித்திருக்கிறது.
ஒரு கை இறுகினால்
மற்றது கேட்காமலே கூட இறுகும்.
அந்த இறுக்கத்தில் முனை ஒரு மயிரிழை கீழே சாயும்.
பத்து மீட்டரில் ஒரு மயிரிழை
எட்டு, ஏழு, சில நாள் ஆறு.

காடிஸின் வீட்டுச் சாவி.
கார்க்கில் காளான் பொதி கட்டுகிறான் தம்பி.
போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னான்.
ஒன்று பட்டுப்போனதும்
அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துவிட்டேன், சொல்லவில்லை.
மூன்று வாரத்துக்கு முன் போனில்:
"வித்துடலாம், அக்கா. சாவியைத் தரகர்கிட்ட கொடுத்துடு."
தரகர் அலுவலகம்
என் தபால் வழியிலேயே, மருந்துக் கடைக்கு அடுத்த கதவு.
தினமும் அதில் கடிதம் போடுகிறேன்.

இன்று சாவியை ஈயக் குண்டு டப்பாவின் அருகில் வைத்தேன்.
இடது கை பைக்குள் போய்
எதைப் பிடிப்பதென்று தெரியாமல் விரித்துக்கிடந்தது.
ஒன்பது.
ஒன்பது.
பிறகு ஓர் எட்டு,
ஆனால் இரண்டு மணிப் பக்கம்,
நான் இதுவரை போகாத தெரு.

"ஓடுது," என்றான் ரைடிஸ், அட்டையிலிருந்து கண் எடுக்காமல்.

சாவியைத் தபால் பைக்குள் போட்டு வார் மாட்டினேன்.
நாளை காலை மருந்துக் கடை வரை
அது கடிதங்களுக்கு இடையே கிலுங்கும்.
கொடுப்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.
செடிக்கு வியாழக்கிழமை தண்ணீர்.