நீட்டிப்பு

மார்ச் இருபத்தேழு. இரவு பதினொன்றே கால்.
டுலூத்தில் ஏரி விளிம்பு இன்னும் உறைந்தே கிடக்கிறது.
சுப்பீரியர் தெருவில், மூன்றாம் மாடியில்,
எங்கள் ஜன்னல் மட்டும் எரிகிறது.
எதிர் மேசையில் மார்லிஸ் கிவெலா
ஒரே ரசீதை நான்காம் முறையாகக் கூட்டுகிறாள்.

அது பெட்ரோல் ரசீது.
அதில் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது.

நான் எதுவும் சொல்லவில்லை.
பிப்ரவரி பிறந்துவிட்டால் இந்த அறையில்
அடுத்தவர் பிசகைப் பார்த்தவர்
காபி ஊற்றிக் கொடுப்பதே வழக்கம்.

என் முன்னால் ஆர்லன் ஓஸ்ட்பியின் ஷூ பெட்டி.
மீன் செதில் ஒட்டிய பில்கள்,
பாதி கிழிந்த காசோலை,
எப்படி வந்ததோ, ஒரு குழந்தையின் பல்.
அவனுடைய பனி தள்ளும் லாரிக்கு
ஐந்தாண்டுத் தேய்மானம் எழுதினேன்.
ஜனவரியில் என் இடது தோளில் ஏறி
இன்னும் இறங்காத ஒன்றுக்கு
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
தேடிப் பார்த்தேன், நிஜமாகவே.

போன வருஷம் மூன்றாவது நாற்காலியில் ராய்ஸ் இருந்தான்.
ஏப்ரல் ஒன்பது, மதியம்,
"மீட்டரில் காசு போட்டுவிட்டு வருகிறேன்"
என்று கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினான்.
வரவில்லை.
பயப்பட வேண்டாம், உயிரோடுதான் இருக்கிறான்.
ஹிப்பிங்கில் ஒரு மரக்கடையில் பலகை அளக்கிறான்.
மூன்று நாள் கீழேயே நின்ற அவன் காருக்கு
விழுந்த அபராதத்தை நாங்கள்தான் கட்டினோம்.
அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
மார்லிஸ் கால் மணி நேரம் யோசித்தாள்.
பிறகு எழுதினாள்:
பல்வகைச் செலவு.

இப்போது தலை தூக்கிக் கேட்கிறாள்:
"என் எண் என்ன?"
"என்ன எண்?"
"என்னுடையது. ஒன்பது இலக்கம்."

முன்னூற்று நாற்பது பேரின் ஒன்பது இலக்கமும்
அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்,
தூங்கினால்.
தன்னுடையது வரவில்லை.
கைப்பையைக் கவிழ்த்து, பழைய அட்டையைத் தேடி எடுத்து,
யாரோ ஒரு புதிய வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல்
அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு கால நீட்டிப்புப் படிவம் ஒன்றை எடுத்து
முதலில் தனக்கு எழுதினாள்.
அடுத்தது எனக்கு.
அதன்பின் தாமதமாக வந்த பெட்டிகளுக்கெல்லாம்,
ஓஸ்ட்பி உட்பட, பதினொன்று.

நீட்டிப்பு தாளுக்குத்தான்; அக்டோபர் வரை.
பணத்துக்குக் கிடையாது.
கட்ட வேண்டியதை ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும்,
தவறினால் நாள் கணக்கில் வட்டி.
இருபது வருஷமாக இதை எல்லோருக்கும் சொல்கிறோம்.
தூக்கத்துக்கும் அதே சட்டம்தான் என்று
எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருப்பார்கள்.
நாங்கள் போனை எடுத்திருக்க மாட்டோம்.

காலையில் ஓஸ்ட்பி கத்தினான்:
"நீட்டிப்பா? நான் என்ன திருடனா?"
"இல்லை ஆர்லன். நீ லேட்."
போனை வைத்தபோது அவள் கை நடுங்கியது.
நடுக்கம் நிற்கும்வரை
அந்தக் கையால் எதையும் தொடவில்லை.
அது எனக்குப் புதிதாக இருந்தது.

அன்று மாலை ஆறு மணி.
"இன்னும் ஒரே ஒரு கோப்பு," என்றேன்.
அவள் வாதாடவில்லை,
என் விளக்கின் பிளக்கைப் பிடுங்கினாள்.

கால்வாய்வரை நடந்தோம்.
காற்று காதைக் கடித்தது.
பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு
ஒரு கப்பல், அவசரமே இல்லாமல்,
தன் நீளம் முழுவதையும் காட்டிக் கடந்தது.
பாலம் மெல்ல மேலேறி வழிவிட்டது.
கப்பல் சங்கு ஊதியது.
பாலமும் பதிலுக்கு ஊதியது.

"எண்ணாதே," என்றாள் மார்லிஸ்.
"எண்ணவில்லை," என்றேன்.

மூன்று.
ஒன்று நீளம், இரண்டு குட்டை.