பெருவிரல் எந்தப் பக்கம்

ஒக்கர்ஸ்,
புளியந்தீவு வைத்தியசாலைப் பின்கட்டில்
நீர் எலும்பு அவித்த கிடாரம்
அயலாரின் சோற்றைக் கெடுத்ததாம்.
கச்சேரிக்குப் போன முறைப்பாடு
உமது குறிப்பேட்டிலேயே ஒட்டிக் கிடக்கிறது,
அதன் முதுகில் ஒரு வௌவால் சிறகு வரைந்து.

பாடும் மீனுக்குத் தொண்டை உண்டா என
கொழும்பிலிருந்து எழுதிக் கேட்டவருக்கு
ஒரே வரி: வேலை இருக்கிறது.

கல்லடியில் ஒதுங்கிய ஓங்கிலின் துடுப்பைக் கீறி
உள்ளே ஐந்து விரல் கண்ட அன்று
மை கொட்டியிருக்கிறது. துடைக்கவில்லை.
பிறகு மந்தி, நீர்நாய்,
உகந்தைக் காட்டுக் கரடி.
"தோலுரித்தால் மனிதப் பாதம்தான், ஏமாறாதே.
நமக்குத் தடித்த விரல் உள்பக்கம்,
அதற்கு வெளிப்பக்கம்."

ஒவ்வொன்றுக்கும் இடம், நாள்,
கொண்டுவந்தவன் பேர், கொடுத்த கூலி.
கடைசிப் பாதத்துக்கு மட்டும்
"ஆண். முப்பது இருக்கும்."
கரடிக்கு ஊர் எழுதத் தெரிந்தவரே.

போன ஆவணியில் ஒரு கிணறு இறைத்தார்கள்.
ஊர்ப்பெயர் அறிக்கையில் உண்டு,
இங்கே வேண்டாம்.
சாக்கு விரித்து, கழுவி, அடுக்கினேன்.
ஒரு பாதத்தின் இருபத்தாறில் பதினொன்று.
"காட்டோரம்தானே டொக்டர், கரடியாயிருக்கும்"
என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியால் விசிறிக்கொண்டு.

வேலிக்கு வெளியே ஒருத்தி,
முப்பத்து மூன்று வருஷமாக ஒரே படத்தைப்
பொலித்தீன் மாற்றி மாற்றி வைத்திருப்பவள்,
கம்பி இடுக்கால் என் கையைப் பிடித்தாள்.
"கரடி எண்டு சொல்லு மனே.
கரடிதானே?"

இருவருக்கும் ஒரே விடை வேண்டியிருந்தது.
இப்படியும் நடக்கும் என்று
நீர் எங்கும் எழுதிவைக்கவில்லை.

மறுபடி அடுக்கினேன். இடமா, வலமா.
வலம்.
தடித்த எலும்பு உள்பக்கம் போய் அமர்ந்தது,
வீட்டில் அவரவர் கதிரையில் அமர்வதுபோல.

மனிதன் என்று எழுதினேன்.
வயதுக் கட்டத்தில் பேனை நின்றது.
ஆண், முப்பது இருக்கும், என்று
கை தானாக உம்முடைய எழுத்தில் ஓடப்பார்த்தது.

பெயர் எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டு
அவளை உள்ளே கூப்பிடச் சொன்னேன்.
படத்தையும் கொண்டுவரட்டும்.