பதினாலாம் நம்பர் முள்

எண் ஏற ஏற முள் சிறுக்கும்.
பதினாலு, பத்தைவிடச் சின்னன்.
பூச்சியத்தைத் தாண்டினால் எல்லாம் தலைகீழ்:
மூன்று பூச்சியம் பாரைக்கு,
அதற்கு மேலே சுறாவுக்கு.
புதிதாக வருகிறவர்களுக்கு இதை
மூன்றுதரம் சொல்வேன்.
நாலாம்தரம் வாய் திறக்கமாட்டேன்,
முள்ளை உள்ளங்கையில் வைத்துவிடுவேன்.

உள்துறைமுக வீதியில் என் கடை.
இடப்பக்கம் ஐஸ் உடைக்கும் சத்தம்,
வலப்பக்கம் பூட்டிக்கிடக்கும் ஸ்ரூடியோ.
தங்கூசி, ஈயக்குண்டு, நங்கூரக் கயிறு:
சோறு போடுவது இவை.
கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டில்
பிஸ்கற் ரின் ஒன்று நிறையப் பொய்ப்பூச்சிகள்.
அவை என்ன போடும் என்று
யாரும் இன்னும் கேட்கவில்லை.

சாமான் எல்லாம் இந்த ஊரிலேயே கிடைத்தது.
கழுத்து இறகு கோழிக்கடை ஹில்மியிடம்,
செஞ்சாவல் அறுத்தால் மட்டும் ஆளனுப்புவான்.
மினுக்கத்துக்கு என் கூறைச்சேலையின் ஜரிகை
(கரை தானாகத்தான் கிழிந்தது).
தலைமுடிச்சில் பூச நிறமில்லாத கியூட்டெக்ஸ்,
என் நகங்கள் ஒருநாளும் காணாத பளபளப்பு.
மான்மயிருக்கு மட்டும் நடக்கவேண்டும்,
விடிய ஐந்தரைக்கு, கோட்டை வாசலடிக்கு.
இரவு உரசிப்போன புள்ளிமான்கள்
கம்பிவேலியில் விட்டுப்போகும் சிறு கற்றைகள்.
ஒவ்வொரு மயிரும் உள்ளே வெறுமை,
அதனால்தான் மிதக்கும்.
காவலில் நின்ற சிப்பாய் ஒருநாள் மறித்தான்.
என்ன பொறுக்குகிறீர்கள்?
கையை விரித்துக் காட்டினேன்.
எங்கள் இருவருக்கும் நடுவில்
பாதியைக் காற்று கொண்டுபோனது.

நீர்ப்பாசனக் கந்தோரில் லிகிதர் அருமைச்செல்வன்
வெள்ளிக்கிழமைகளில் வருவார்.
"உங்கட ஈசலை மீன் வந்து பாக்குது அக்கா.
மூக்கால தொடுது. திரும்பிப் போகுது."
முள் கூரா? கூர்.
நூல் தடிப்பா? இல்லை.
நிறம்? நிறத்தில் ஒரு குறையும் இல்லை.
இப்படி இரண்டு மாதமாக
கந்தளாய்க் குளத்து மீனும் நானும்
அவர் வழியாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஐப்பசியில் முதல் மழை.
கடை பூட்டும் நேரம், ரியூப் லைற்றைச் சுற்றி
மண்ணுக்குள் இருந்த அத்தனையும் சிறகோடு.
ஐஸ்கடைப் பிள்ளைகள்
தண்ணீர்ச் சட்டி தேடி ஓடினார்கள்.
நான் பூதக்கண்ணாடியோடு மேசையில் குனிந்தேன்.
விழுந்த ஒன்று மறுபடி எழும்பவில்லை.
உடம்பை மேசையில் அழுத்தி, ஒருதரம் முறுக்கி,
நாலு சிறகையும் கழற்றி வைத்துவிட்டு
நடந்து போனது,
யாரோ வாசலில் செருப்பை விட்டுவிட்டு
உள்ளே போவதுபோல.

அப்போ நான் கட்டியதெல்லாம் பறக்கிற ஈசல்.
மீன் தின்பது
பறந்து முடித்ததை.

கத்தரிக்கோலை எடுத்தேன்.
ஒவ்வொரு சோடிச் சிறகும் நாற்பது நிமிட வேலை.
வெட்ட வெட்ட
மேசையில் அசலும் போலியும் கலந்து கிடந்தன,
எது எதுவென்று எனக்கே மட்டுக்கட்ட முடியவில்லை.
மிஞ்சியது கட்டையாய், மண்நிறத்தில், ஒரு அவலட்சணம்.
முனை ஒடித்த முள் ஒன்றில் அதைக் கட்டிச்
சுவரோரம் ஆட்டினேன்.
பல்லி பாய்ந்து கவ்வி, துப்பி,
என்னைப் பார்த்தது.
பல்லிசாஸ்திரத்தில் இதற்குப் பலன் என்னவோ,
எனக்கு அது போதும்.

அடுத்த வெள்ளி அருமைச்செல்வன்
ஈரச் சப்பாத்தோடு நேரே கடைக்கு வந்தார்.
கையில் ஒரு முழம், அறுந்த தங்கூசி.
"என்ன சாதி மீனோ தெரியேல்லை. ஒரே இழுவை.
பூச்சியும் போச்சு."
குரலில் முறைப்பாடு,
முகம் மட்டும் கலியாணவீட்டுக்குப் போய்வந்த முகம்.
போன பூச்சிக்கும் சேர்த்துக் காசு வைத்தார்.
இன்னும் ஆறு கேட்டார்.

நான் ஒருநாளும் மீன் பிடித்ததில்லை.
அவர் போனபிறகு அந்த முழத் துண்டை
விரலில் சுற்றி, மற்றக் கையால்
இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
பிறகு பேரேட்டைத் திறந்தேன்.
பதினாலாம் நம்பர், மான்மயிர், சிறகில்லாதது: ஒன்று.
இருக்கும் இடம் என்ற பத்தியில்
வழக்கமாகக் கீழ்த்தட்டு என்று எழுதுவேன்.
இன்று, கந்தளாய்க் குளம்.